செவ்வாய்க்கிழமை நட்சத்திரம்

ஊசிமலை உச்சியில் ஒரு குரு இருந்தார். தாடி இல்லை, காவி இல்லை. நாற்பத்து மூன்று வயதுப் பெண்மணி. பெயர் மெய்யம்மை, காரைக்குடிப் பக்கம். மலைமேல் ஒரு தொலைநோக்கி, அதைச் சுற்றிச் சில அறைகள், ஒரு மெஸ். அங்கே தங்கி வானம் பார்க்கக் கற்றுக்கொண்டவர்களை நான் சீடர்கள் என்கிறேன். அவர்கள் யாரும் மெய்யம்மையைக் குரு என்று கூப்பிட்டதில்லை. மேடம் என்பார்கள்.

சீடர்களில் மூத்தவர் ராயப்பன். குருவைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது பெரியவர். திண்டுக்கல்லில் கல்லூரிப் பேராசிரியராக இயற்பியல் நடத்திவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு மலையேறியவர். மெய்யம்மை அவரை 'சார்' என்றுதான் கூப்பிடுவார். குரு சீடரை சார் என்று கூப்பிடுகிற மடம் வேறெங்கும் இருக்காது என்று மெஸ்ஸில் கேலி நடக்கும்.

ராயப்பன் கெட்டிக்காரர். ஆனால் யாரையும் நம்ப மாட்டார். அதற்குக் காரணம் உண்டு. காலமெல்லாம் கல்லூரி லேப்பில் நின்றவர். ஊசலை ஒரு தடவைகூட ஆட்டாமல், வரவேண்டிய விடையிலிருந்து பின்னோக்கிப் போய் அளவுகளை எழுதிவைக்கும் பிள்ளைகளைத் தலைமுறை தலைமுறையாகப் பிடித்தவர். அந்த மூக்கு மலைக்கும் கூடவே வந்துவிட்டது. மெஸ்ஸில் சாம்பார் நன்றாக இருந்தால்கூட, இன்றைக்கு மட்டும் ஏன் நன்றாக இருக்கிறது என்று கேட்பார்.

அந்த மலையில் ஒரு வழக்கம் இருந்தது. வானத்தில் புதிதாக ஒன்றைப் பார்த்தேன் என்று ஒருவர் சொன்னால், அது மலையோடு நிற்கும். இன்னொருவர் தானும் பார்த்து, சபையில் எழுந்து 'நானும் பார்த்தேன்' என்று சொன்ன பிறகுதான் சேதி கீழே இறங்கும். அந்த இன்னொருவருக்கு இரண்டாம் கண் என்று பெயர்.

முதலில் பார்த்தவர், எந்த நட்சத்திரம், அங்கே என்ன இருக்கிறது என்பதைத் தவிர, அளவு, கணக்கு எதையும் இரண்டாம் கண்ணிடம் சொல்லக் கூடாது. சொன்னால், சொன்னதையே தேடிப் பிடித்துக்கொண்டு வந்துவிடுவார்கள் என்பது மெய்யம்மையின் எண்ணம். இரண்டாம் கண் 'இல்லை' என்று சொல்லிவிட்டால், இல்லாததைச் சொன்னவர் மூட்டை கட்டிக்கொண்டு மலையைவிட்டு இறங்க வேண்டும். கடுமையான வழக்கம்தான். எனக்கே அது பிடிக்காது.

ஒருநாள் சாயங்காலம், டீ முடிந்ததும், சுடலைமணி எழுந்து நின்றார். திருநெல்வேலிக்காரர். முப்பத்தைந்து வயது இருக்கும். படித்ததெல்லாம் நட்சத்திரப் படிப்பு. இந்த மலையை விட்டால் போக வேறு இடம் இல்லை.

"ஒரு நட்சத்திரத்த ஒட்டி ஒரு ராட்சசக் கோள் சுத்துது. நம்ம வியாழனவிடப் பெருசு. ஆனா புதன் சூரியனுக்கு இருக்கதவிடக் கிட்ட இருக்கு. அடுப்புல வச்ச சட்டி மாதிரி கொதிக்கும்."

அப்படிப்பட்ட கோள்கள் உண்டு என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். அந்த நட்சத்திரத்துக்கும் ஒன்று இருக்கிறது என்பதுதான் புதுச் சேதி.

கோளைக் கண்ணால் பார்க்க முடியாது. நட்சத்திரத்தின் வெளிச்சத்தில் அது மறைந்துபோகும். நட்சத்திரம் ஆடுகிறதா என்றுதான் பார்ப்பார்கள். திருவிழாவில் பிள்ளையின் இரண்டு கையையும் பிடித்துச் சுற்றுகிற அப்பா தானும் கொஞ்சம் ஆடுவார் இல்லையா, அந்த ஆட்டம். நட்சத்திரம் நம் பக்கம் சாயும்போது, அதன் ஒளியில் இருக்கும் கறுப்புக் கோடுகள் மயிரிழை அளவு நீலத்தின் பக்கம் நகரும். விலகும்போது சிவப்பின் பக்கம் நகரும்.

"யாரு இரண்டாம் கண்?" என்று யாரோ கேட்டார்கள்.

"ராயப்பன் சார்" என்றார் மெய்யம்மை.

சபையில் லேசாக ஒரு முனகல் எழுந்தது. ராயப்பனுக்குச் சுடலைமணியைப் பிடிக்காது என்பது மலையே அறிந்தது. சுடலைமணி தலையைக் குனிந்துகொண்டார். ராயப்பன் அதைக் கவனித்தார்.

கூட்டம் கலைந்ததும் நேராக மெய்யம்மையிடம் வந்தார்.

"ஏன் மேடம் என்னைப் போட்டீங்க?"

"பாருங்க சார். மழை வர்றதுக்குள்ள சொல்லுங்க."

"எத்தனையோ பேர் இருக்காங்களே."

"நீங்க பாருங்க."

பதில் சொல்லாததே ராயப்பனுக்கு முதல் சந்தேகம் ஆயிற்று.

தொலைநோக்கி ஒன்று, பார்க்கிறவர்கள் பலர். அதனால் ஆளுக்கொரு கிழமை. வியாழக்கிழமை மெய்யம்மைக்கு. செவ்வாய்க்கிழமையை யாரும் கேட்கவில்லை. வானத்தையே அளக்கிற கூட்டம்தான், ஆனாலும் செவ்வாயன்று புதிதாக ஒன்றைத் தொடங்க அவர்களுக்கு மனம் வரவில்லை. ராயப்பன் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். செவ்வாய் அந்தோணியாருக்கு உரிய நாள். தொலைந்துபோனதைத் தேடித் தருகிறவர் அந்தோணியார். வானத்தில் தேடுகிற வேலைக்கு அவரைவிட நல்ல துணை யார் என்பது ராயப்பனின் கேள்வி. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை.

அந்தோணியாருக்காகச் செவ்வாய்தோறும் முழுப் பட்டினி. தண்ணீர் மட்டும் குடிப்பார். பட்டினி கிடக்கும் பேராசிரியரின் குணம் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தொலைநோக்கியில் மாட்டிய, ஒளியின் கோடுகளைப் பதிகிற கருவியைக் குளிரவைத்து, பொழுது சாயும் நேரத்தில் அன்றைய ஆளிடம் ஒப்படைப்பது சுடலைமணியின் பொறுப்பு. பகலில் தூங்கி மாலையில் எழுகிறவர் அவர். ராயப்பன் விடிந்ததும் எழுகிறவர். அதனால் மெஸ்ஸில்கூட நேரம் வேறு. சபையை விட்டால் அவர்கள் முகம் பார்த்துக்கொள்வது அந்த ஒப்படைப்பில் மட்டும்தான்.

"அண்ணாச்சி, கருவி ரெடி. டீ போடவா?"

"வேண்டாம்."

"ரெண்டு பிஸ்கட்டாவது..."

"வேண்டாம்னேன்ல."

மேசையில் கம்ப்யூட்டர் திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது. அதில் ஏதோ வளைகோடு. ராயப்பன் கிட்டே வந்ததும் சுடலைமணி சட்டென்று திரையை அணைத்தார்.

"என்ன அது?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி."

"காட்டு."

"காட்டக் கூடாதுல்லா."

காட்டக் கூடாது என்பது ராயப்பனுக்கும் தெரிந்த வழக்கம்தான். நல்ல வசதியான வழக்கம், திருடனுக்கு இருட்டு கிடைத்த மாதிரி என்று நினைத்துக்கொண்டு கருவிமுன் உட்கார்ந்தார்.

நட்சத்திரம் அசையவில்லை.

அடுத்த செவ்வாயும் பார்த்தார். கோடுகள் போட்ட இடத்தில் கிடந்தன. அதற்கடுத்த செவ்வாயும் அப்படியே; துளி நகர்வு தெரிந்ததைக் கருவியின் சோம்பல் என்று தள்ளிவிட்டார். ஆட்டம் என்று ஒன்று இருந்தால் வாரத்துக்கு வாரம் வேறு வேறு இடத்தில் பிடிபடும், எங்கே போய் ஒளியும் என்பது அவர் கணக்கு. கணக்கில் தப்பு இல்லை. தப்பு வேறு இடத்தில் இருந்தது.

மெய்யம்மை அன்று மண்ணெண்ணெய்த் துணியால் தொலைநோக்கியின் கூண்டு சுழலும் தண்டவாளத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். ராயப்பன் பக்கத்தில் போய் நின்றார்.

"நட்சத்திரம் செத்துப்போன மாதிரி நிக்குது மேடம்."

"எப்படிப் பார்த்தீங்க?"

"ஒரே கருவி. ஒரே கிழமை. நட்சத்திரம் உச்சிக்கு வர்ற அதே நேரம். எதையும் மாத்தலை."

"எதையும்?"

"எதையும்."

மெய்யம்மை துணியைப் பிழிந்தார். "சரி சார். இன்னும் பாருங்க" என்றார்.

ராயப்பன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

அதன் பிறகு அவர் நட்சத்திரத்தைப் பார்த்ததைவிட சுடலைமணியைத் தூரத்தில் நின்று பார்த்ததுதான் அதிகம். பார்க்கப் பார்க்கச் சந்தேகம் கூடியது. சுடலைமணி தன் கிழமையோடு நிற்கவில்லை. மற்றவர்களிடம் போய், "இன்னைக்கு உங்க முறைய எனக்குத் தாரியளா?" என்று கேட்டார். ஊரிலிருந்து வரும் முந்திரிக்கொத்தைப் பதிலுக்குக் கொடுத்தார். கண்ட கண்ட கிழமையில் எல்லாம் கூண்டுக்குள் கிடந்தார். ஒழுங்கான ஆய்வுக்காரன் ஏன் இப்படி அலைய வேண்டும் என்று ராயப்பன் கேட்டுக்கொண்டார். வேண்டிய அளவு வரும்வரை பார்த்து, வேண்டாததைத் தள்ளிவிடுகிறான். லேப்பில் பிள்ளைகள் செய்வதும் இதைத்தானே.

மெஸ்ஸில் ஒருநாள் யாரோ கேட்டார்கள்.

"என்ன சார், மணியோட கோள் தெரிஞ்சுதா?"

"அங்க இருக்கிறது கோள் இல்லப்பா, கோளாறு" என்றார் ராயப்பன். "அதுவும் நட்சத்திரத்துல இல்ல. ஆள்கிட்ட."

மெஸ்ஸே சிரித்தது. நல்ல பேச்சு கிடைத்தால் அது சும்மா இருக்காது. மறுநாள் கூண்டுவரை போய்விட்டது. ராயப்பனும் அதோடு நிற்கவில்லை. இனிப்பு கொடுத்து முறை வாங்குகிறவன், திரையை மறைக்கிறவன் என்று ஒவ்வொருவரிடமும் ஒவ்வொன்று சொன்னார். கொஞ்ச நாளில் சுடலைமணிக்கு யாரும் முறை கொடுப்பதில்லை என்று ஆயிற்று. அவர் சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலி காலியாகக் கிடந்தது. இதை எழுதும்போது எனக்கு ராயப்பன்மேல் கோபம் வருகிறது.

அவர் அதையும் மெய்யம்மையிடம் வந்து சொன்னார்.

"எல்லாருக்கும் அவன்மேல சந்தேகம் வந்திருச்சு மேடம்."

"எப்படி வந்துச்சு?"

"நான் பார்த்ததைச் சொன்னேன்."

"கோள் பார்க்கத்தான் சார் உங்களைச் சொன்னேன். கோள் சொல்லச் சொல்லலையே."

ராயப்பனுக்கு முகம் சிவந்தது. திரும்பி நடந்தார். நடக்கும்போதே புதிதாக ஒரு சந்தேகம் முளைத்தது. ஒருவேளை குருவும் கூட்டோ? ஒரு கோள் கிடைத்தால் மலைக்குப் பெயர் வரும். மலைக்குப் பெயர் வந்தால் மெய்யம்மைக்குப் பெயர் வரும். கேள்வி கேட்டால் தண்டவாளம் துடைக்கிற குருவை எவ்வளவு தூரம் நம்புவது?

மலைக்குக் கிழக்கே மேகம் கட்டத் தொடங்கியது. இன்னும் கொஞ்ச நாளில் மழை பிடித்துக்கொள்ளும். பிறகு மாதக்கணக்கில் வானம் தெரியாது.

அது ஒரு செவ்வாய். ராயப்பன் வெறும் வயிற்றோடு வந்து நின்றார்.

"இன்னைக்கும் ஒருதரம் பார்ப்பேன். அசையலைன்னா சபையில சொல்லிருவேன்."

"சொல்லுங்க."

"அவன் போயிருவான்."

"ஆமா."

"இன்னொண்ணும் சொல்லணும். நீங்க அவனைக் காப்பாத்தப் பார்க்கிறீங்களோன்னு எனக்குச் சந்தேகம் மேடம்."

சொல்லிவிட்டு ராயப்பன் தலை நிமிர்ந்து நின்றார். மெய்யம்மை கோபப்படுவார் என்று எதிர்பார்த்தார்.

"அதையும் வெச்சுக்கோங்க" என்றார் மெய்யம்மை. "நாளைக்கு மத்தியானம் என் வீட்டுல சாப்பிட வாங்க."

"எதுக்கு?"

"சாப்பிடத்தான் சார்."

அன்றும் நட்சத்திரம் அசையவில்லை.

புதன்கிழமை மத்தியானம் ராயப்பன் போனபோது, சுடலைமணியும் அங்கே உட்கார்ந்திருந்தார். தூக்கம் கலைந்த கண். முகம் வாடிப்போயிருந்தது. ராயப்பன் எதிரே உட்கார்ந்தார். மெய்யம்மை இலை போட்டு, சோற்றுக் கரண்டியை எடுத்துக்கொண்டு ராயப்பன் பக்கம் வந்தார்.

"அவியளுக்கு வைக்காதிய மேடம்" என்றார் சுடலைமணி.

மெய்யம்மை கரண்டியோடு நின்றார். "ஏன்?"

"அண்ணாச்சி சாப்பிட மாட்டாவ."

"யாரு சொன்னா?" என்றார் ராயப்பன்.

"யாரும் சொல்லல அண்ணாச்சி. நானே பாத்ததுதான். டீ குடிக்க மாட்டிய, பிஸ்கட் தொட மாட்டிய. ஒருநாளாவது ஒரு வாய் எடுப்பியளான்னு கேட்டுக் கேட்டுப் பாத்துட்டேன். சிரிச்சும் பாத்ததில்ல. வயித்துல ஏதோ பெரிய கோளாறு போல, பாவம்னு நெனச்சேன்."

கேலி இல்லை. உண்மையாகவே இரக்கப்பட்டுத்தான் சொன்னார். அதுதான் ராயப்பனைச் சுட்டது.

"எனக்கா கோளாறு? மெஸ்ல போய்க் கேளு. ஞாயித்துக்கிழமை கறிக்கு மூணு தரம் சோறு வாங்குறவன் நான். என் சிரிப்புச் சத்தம் தாங்கலைன்னு பக்கத்து அறைக்காரன் புகார் சொல்லியிருக்கான்."

"நான் பாத்த அன்னைக்கெல்லாம் பட்டினிதான அண்ணாச்சி. ஒருதரம்கூடத் தப்பல."

"நீ பார்த்தது செவ்வாய்க்கிழமை! வாரா வாரம் செவ்வாய்க்கிழமை மட்டும் பார்த்துட்டு, அசையவே மாட்டான்னு நீ எப்படி..."

ராயப்பன் பேச்சைப் பாதியில் நிறுத்தினார்.

வாய் திறந்தபடி இருந்தது. சுடலைமணி இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு வார்த்தை பேசினாலும் வழக்கம் கெட்டுவிடும்.

மெய்யம்மை ராயப்பன் இலையில் சோறு வைத்தார். குழம்பு ஊற்றினார். தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினார்.

ராயப்பன் சோற்றில் கை வைக்காமல் கேட்டார்.

"நட்சத்திரத்துக்குக் கிழமை தெரியாதே மேடம்?"

"தெரியாது. நமக்குத்தான் தெரியும்."

"ஒரு வாரத்துல கோள் முழுசா இத்தனை சுத்துன்னு சுத்தி முடிச்சா, ஒவ்வொரு செவ்வாயும் அதே இடத்துல வந்து நிக்குமே..."

"மோர் ஊத்தட்டுமா சார்?"

"மேடம்."

"நாளைக்கு என் முறை. நீங்க எடுத்துக்கோங்க."

வியாழக்கிழமை ராயப்பன் பார்த்தார். கோடுகள் இடம் மாறியிருந்தன. மயிரிழை என்று சொன்னேனே, அந்த அளவு. அந்தத் தொழிலில் அது மலை புரண்ட மாதிரி. செவ்வாயன்று நம்மைவிட்டு விலகிப் போய்க்கொண்டிருந்த நட்சத்திரம், வியாழனன்று நம்மை நோக்கி வந்துகொண்டிருந்தது. அந்தோணியார் தேடித் தருகிறவர்தான். ஆனால் தன் நாளில்தான் தருவேன் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை.

ராயப்பனுக்கு வெட்கமாக இருந்தது. விடிந்ததும் ஓடிப்போய் 'நானும் பார்த்தேன்' என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தார். சொல்லவில்லை. அந்த மூக்கு விடவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால், கோள் ஒரு சுற்றுக்கு வாரத்தில் சரிபாதி எடுத்துக்கொள்கிறது போலத் தெரிந்தது. வாரம் என்பது மனிதன் போட்டுக்கொண்ட கணக்கு. எங்கோ கிடக்கும் கோள் அதற்கு எதற்காக ஒத்துப்போக வேண்டும்? மலையில் யாராவது வாரத்துக்கு இரண்டு தடவை கருவியில் கைவைத்தால்கூட இப்படித்தான் தெரியும்.

இதைச் சந்தேகப்பட வேண்டும் என்றால் எல்லாக் கிழமையும் வேண்டும். ராயப்பன் ஒவ்வொருவரிடமும் போய் முறை கேட்டார். ஒருவரும் கொடுக்கவில்லை. "அடுத்தவங்க முறையைக் கேட்டு அலையிற ஆளை நம்பக் கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க" என்றார் ஒருவர். ராயப்பன் திரும்பி வந்தார்.

அறை வாசலில் சுடலைமணி நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு எவர்சில்வர் தூக்கு.

"இந்தாங்க அண்ணாச்சி."

"என்ன இது?"

"முந்திரிக்கொத்து. இதக் குடுத்துக் கேளுங்க. தருவாவ."

"மணி..."

"நான் எதுவும் பேசக் கூடாது அண்ணாச்சி. வாரேன்."

தூக்கைக் கையில் வாங்கிக்கொண்டு ராயப்பன் வாசலிலேயே நின்றார்.

இனிப்பு வேலை செய்தது. மேகம் விட்டுவிட்டு மறைத்தாலும், கிடைத்த கிழமையெல்லாம் ராயப்பன் பார்த்தார். யாரெல்லாம் கருவியைத் தொடுகிறார்கள், எப்போது தொடுகிறார்கள் என்று விசாரித்தார். கருவியைக் கழற்றிப் பூட்டினார். பக்கத்தில் இருந்த வேறொரு நட்சத்திரத்தையும் கூடவே பார்த்தார். அது சும்மா இருந்தது. இது மட்டும் ஆடியது. கடைசியில் பழைய செவ்வாய்களையும் புதிய கிழமைகளையும் சேர்த்துவைத்துப் பார்த்தபோது ஒன்று புரிந்தது. அந்தச் சுற்று வாரத்தில் சரிபாதி இல்லை. கொஞ்சம் குறைகிறது. மிகக் கொஞ்சம். கருவியின் சோம்பல் என்று அவர் தள்ளிவிட்டிருந்த நகர்வு அதுதான். மனிதன் கைவேலை என்றால் கிழமை தவறாது. இது தவறிக்கொண்டே போனது.

ராயப்பன் தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தார். பக்கத்து அறைக்காரர் சுவரைத் தட்டினார்.

மழைக்கு முந்தின சாயங்காலம் சபை கூடியது. ராயப்பன் எழுந்தார்.

"நானும் பார்த்தேன்."

எல்லாரும் கைதட்டினார்கள். சுடலைமணி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். ராயப்பன் உட்காரவில்லை.

"இன்னொண்ணு இருக்கு. மணிகிட்ட கோளாறு இருக்குன்னு உங்ககிட்ட எல்லாம் சொன்னேன். அது இல்லை. இல்லாததைச் சொன்னவன் என்ன செய்யணும்னு இந்த மலையில ஒரு வழக்கம் இருக்கு. அது எனக்கும் சேர்த்துத்தான்."

ராயப்பன் அறைக்குப் போனார். பெட்டியைக் கட்டினார்.

சொல்லிக்கொண்டு போக மெய்யம்மையிடம் வந்தபோது தூறல் விழத் தொடங்கியிருந்தது. மெய்யம்மை கருவிக்கு உறை போட்டுக்கொண்டிருந்தார்.

"கிளம்பறேன் மேடம்."

"மணியைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். மன்னிப்புக் கேட்டேன். விடுங்க அண்ணாச்சின்னான். எனக்கு விட முடியலை. ஒரு மனுஷனைச் சோத்துக்குத் தனியா உட்கார வெச்சிருக்கேன்."

"ஆமா" என்றார் மெய்யம்மை. அதை அவர் மழுப்பவில்லை.

"உங்களையும் சந்தேகப்பட்டேன்."

"ஆமா."

"அன்னைக்குக் கேட்டேன், நீங்க பதில் சொல்லலை. இப்பவாவது சொல்லுங்க. என் குணம் உங்களுக்குத் தெரியும். அவனை எனக்குப் பிடிக்காதுன்னும் தெரியும். தெரிஞ்சும் என்னை இதுக்குப் போட்டது தப்பில்லையா மேடம்?"

மெய்யம்மை உறையின் கயிற்றை இழுத்துக் கட்டினார். பிறகு ராயப்பன் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார்.

"நான் போடலை சார். இந்த மலையில மணியைத் துளிகூட நம்பாதவர் யாருன்னு மணிகிட்டயேதான் கேட்டேன். உடனே உங்க பேரைச் சொன்னார். அப்ப யாரைப் போடட்டும்னு கேட்டேன். 'அவியளையே போடுங்க மேடம். அண்ணாச்சி பாத்தேன்னு சொன்னாத்தான் எனக்கே நம்பிக்கை வரும்'னார்."